இங்கிலாந்தில் உணவகத்துக்கு மது உரிமம்: கவுன்சிலின் முன் எப்படிப் போவது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓர் உணவகத்தில் பியர் விற்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பது அரசாங்கத்தின் ஏதோ ஓர் அமைச்சகம் அல்ல. அந்தத் தெருவின் குப்பையை அள்ளுகிற அதே கவுன்சில்தான் முடிவெடுக்கிறது. தமிழ்நாட்டில் மாநில அரசின் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையும் இலங்கையில் மதுவரித் திணைக்களமும் இந்த வேலையைச் செய்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மூன்று கவுன்சிலர்கள் ஒரு மேசையின் பின்னால் அமர்ந்து, கடைக்காரர் சொல்வதையும் மாடி வீட்டுக்காரர் சொல்வதையும் கேட்டுவிட்டு முடிவு சொல்லும் முறை புதிதாகவே தோன்றும். 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பர் 24 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தபோதுதான், அதுவரை மாஜிஸ்திரேட்டுகளின் கையில் இருந்த இந்த அதிகாரம் கவுன்சில்களுக்கு வந்தது. ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி, டூட்டிங், ஹாரோ போன்ற இடங்களில் உணவகம் நடத்தும் நம்மவர்களில் சிலருக்கு விண்ணப்பம் எழுத உதவியும், சிலருடன் விசாரணைக்குச் சென்றும் கற்றுக்கொண்டதை வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டம் வேறு என்பதால் அங்கே கடை வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். உரிமம் கிடைப்பதும் கிடைக்காததும் விசாரணை நாளில் நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள் என்பதைக் காட்டிலும், விண்ணப்பத்தில் கடையை எப்படி நடத்தப்போவதாக எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. அப்படி எழுதும் ஒவ்வொரு வரியும் பிறகு உங்களைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையாக மாறும். ஆகவே, உங்களால் தினமும் செய்ய முடிந்ததை மட்டும், அந்தத் தெருவில் குடியிருப்பவர் படித்துப் பார்த்தால் மனம் ஆறும்படி எழுத வேண்டும்.

எந்த உரிமம், யார் பெயரில்

இடத்துக்கு ஓர் உரிமமும் ஆளுக்கு ஓர் உரிமமும் தனித்தனியாக வேண்டும். ஆளுக்கு உரியது பர்சனல் லைசென்ஸ். 18 வயது நிரம்பியவர் உரிய பயிற்சித் தேர்வில் தேறி, குற்றப் பின்னணிச் சான்றிதழும் இந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை இருப்பதற்கான ஆதாரமும் இணைத்து, 37 பவுண்டு கட்டணத்துடன், தாம் குடியிருக்கும் பகுதியின் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒருமுறை கிடைத்தால் அதைப் புதுப்பிக்கத் தேவையில்லை. இடத்துக்கு உரியது பிரிமைசஸ் லைசென்ஸ். இதைத்தான் இனி இட உரிமம் என்று குறிப்பிடுகிறேன். இதைக் கடை இருக்கும் பகுதியின் கவுன்சிலிடம் கேட்க வேண்டும். இந்த உரிமத்தில், மது விற்பனைக்குப் பொறுப்பான ஒருவரின் பெயர் இருந்தாக வேண்டும், டி.பி.எஸ். என்று எல்லோரும் சொல்வது அவரைத்தான். அவரிடம் பர்சனல் லைசென்ஸ் இருக்க வேண்டும். அவர் எந்நேரமும் கடையில் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்றாலும், கடைப் பக்கமே வராத உறவினர் ஒருவரின் பெயரைப் போட்டு வைக்கும் பழக்கம் பிரச்சினை வரும்போது உங்களைக் காப்பாற்றாது.

கட்டணத்தைக் கடை வாடகையையோ வியாபாரத்தையோ வைத்துக் கணக்கிடுவதில்லை. வணிக வரிக்காக அந்த இடத்துக்கு நிர்ணயித்திருக்கும் ரேட்டபிள் வேல்யூவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அது 4,300 பவுண்டு வரை இருந்தால் விண்ணப்பத்துக்கு 100 பவுண்டு, 33,000 வரை 190, 87,000 வரை 315, 1,25,000 வரை 450, அதற்கு மேல் 635. ஆண்டுதோறும் கட்ட வேண்டிய கட்டணம் இதே வரிசையில் 70, 180, 295, 320, 350 பவுண்டு. நம்முடைய சிறு உணவகங்கள் பல இரண்டாவது படியில் வரும்.

மது விற்காத கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சூடான உணவோ சூடான பானமோ விற்பதற்கும் இதே சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். நள்ளிரவு வரை கொத்துப் பரோட்டா போடுகிற கடைகள் பல இதை அறியாமலே நடக்கின்றன. மதுவுக்கு விண்ணப்பிக்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது; தனியாக இன்னொரு கட்டணம் இல்லை.

திட்ட அனுமதி, அதாவது பிளானிங், முற்றிலும் வேறு விஷயம். பிளானிங் அனுமதியில் இரவு 11 மணிக்கு மூட வேண்டும் என்றும் மது உரிமத்தில் 12 மணி என்றும் இருந்தால், 11 மணிக்கே மூட வேண்டும். குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து இடுவதற்கு முன்பே இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

கவுன்சிலர்கள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது

சட்டம் நான்கு நோக்கங்களை மட்டுமே சொல்கிறது: குற்றமும் ஒழுங்கின்மையும் வராமல் தடுப்பது, மக்களின் பாதுகாப்பு, பொதுமக்களுக்குத் தொல்லை நேராமல் தடுப்பது, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பது. கவுன்சிலர்களின் முடிவு இந்த நான்கில் ஏதேனும் ஒன்றைப் பற்றி நிற்க வேண்டும். இந்தத் தெருவில் ஏற்கெனவே நான்கு கடைகள் இருக்கின்றன, ஐந்தாவது எதற்கு என்று அவர்கள் கேட்க முடியாது; தேவை உண்டா என்பதும் போட்டி என்ன ஆகும் என்பதும் இந்தச் சட்டத்துக்கு வெளியே உள்ளவை. குடிப்பது தவறு என்ற ஒழுக்கப் பார்வைக்கும் அங்கே இடம் இல்லை. அதே அளவுக்கு, நான் வீட்டை அடகு வைத்துக் கடை எடுத்திருக்கிறேன், பத்துப் பேருக்கு வேலை கொடுக்கப்போகிறேன், என் அம்மாவின் கைப்பக்குவத்தை இந்த ஊருக்குக் காட்டப்போகிறேன் என்பதையும் அவர்கள் எடைபோட முடியாது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் நம்மவர்கள் பலர் மனதார நம்பிப் பேசுவது இவற்றைத்தான்.

தேவையைப் பார்க்க முடியாது என்றாலும், ஒரு பகுதியில் கடைகள் நெருங்கிக் குவிந்ததால் ஏற்படும் மொத்தப் பாதிப்பைப் பார்க்க முடியும். அப்படிப் பாதிப்பு உள்ள பகுதியைக் கவுன்சில் ஆதாரத்துடன் ஆராய்ந்து அறிவிக்கலாம். 2018 ஏப்ரல் முதல் இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டரின் வெஸ்ட் எண்ட் பகுதி இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். அத்தகைய பகுதிக்குள் உங்கள் கடை வந்தால், பொறுப்பு உங்கள் பக்கம் சாய்கிறது: உங்கள் கடையால் அந்தப் பாதிப்பு அதிகரிக்காது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். நின்றுகொண்டே குடிக்கும் பாரைவிட, உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு மட்டும் மது பரிமாறும் உணவகத்துக்கு இது எளிது. ஆகவே விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்பு, கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கும் உரிமக் கொள்கை அறிக்கையை எடுத்து, உங்கள் தெருவின் பெயர் எங்காவது வருகிறதா, உணவகங்களுக்கு எந்த நேரங்களை அவர்கள் வழக்கமாக ஏற்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது இதை அவர்கள் புதிதாக வெளியிட வேண்டும் என்பதால், பழைய பிரதியை யாராவது கொடுத்தால் அதை நம்ப வேண்டாம்.

இயக்க விவரம் எழுதுவது

விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பகுதியில், மேலே சொன்ன நான்கு நோக்கங்களையும் நீங்கள் எப்படிப் பேணுவீர்கள் என்று கேட்பார்கள். ஆபரேட்டிங் ஷெட்யூல் எனப்படும் இந்த இயக்க விவரத்துக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பலரோ அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் கவுன்சில் உரிமத்தைத் தந்தே ஆக வேண்டும். அப்போது இங்கே நீங்கள் எழுதியவையும், சட்டம் எல்லோருக்கும் விதிக்கும் கட்டாய நிபந்தனைகளும் மட்டுமே உரிமத்தில் ஏறும். அதாவது உங்கள் கடைக்கான சட்டத்தை நீங்களே எழுதும் இடம் இது.

நாற்பது இருக்கைகள் உள்ள ஒரு சைவ உணவகத்தின் உரிமத்தை ஒருமுறை பார்த்தேன். வெள்ளி, சனி இரவுகளில் தனியார் பாதுகாப்புத் துறையை முறைப்படுத்தும் எஸ்.ஐ.ஏ. அமைப்பின் உரிமம் பெற்ற இரண்டு வாயிற்காவலர்கள் நிற்க வேண்டும் என்று அதில் இருந்தது. காவல்துறை கேட்டதா என்று விசாரித்தால், இல்லை. ஏதோ ஓர் இரவு விடுதியின் விண்ணப்பத்தை மாதிரியாக வாங்கி, பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். இட்லி சாப்பிட வரும் குடும்பங்களின் முன்னால் காவலர்களை நிறுத்தக் கட்டுப்படியாகாமல் அவர்கள் நிறுத்தவே இல்லை. அதனால் ஒவ்வொரு வார இறுதியிலும் குற்றம் செய்துகொண்டிருந்தார்கள். உரிம நிபந்தனையை மீறி மது விற்பது ஆறு மாதச் சிறையும் வரம்பற்ற அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். அந்த ஒரு வரியை எடுக்க, புதிய விண்ணப்பத்துக்கு உரிய அதே கட்டணத்தையும் அதே 28 நாட்களையும் அவர்கள் மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது.

உணவகத்துக்குப் பொருந்துவதாக நான் எழுதச் சொல்வது இப்படி இருக்கும். மேசையில் அமர்ந்து உணவு உண்பவருக்கு, உணவின் ஒரு பகுதியாக மட்டும் மது தரப்படும். பணியாளரே மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறுவார். 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் வயதுச் சான்று கேட்கப்படும். கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், ஹோலோகிராம் உள்ள பாஸ் (PASS) வயதுச் சான்று அட்டை ஆகியவை மட்டுமே ஏற்கப்படும். விற்க மறுத்த ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், பணியாளர் பெயருடன் பதிவேட்டில் எழுதப்படும். வாசலையும் கல்லாவையும் காட்டும் கேமராக்களின் பதிவு 31 நாட்கள் பாதுகாக்கப்படும், கேட்டால் எடுத்துக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் கடையில் இருப்பார். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிய பிறகு, கேமராக் கருவியின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாத நிலையில் கடை நடத்துவது மிகவும் வழக்கமான தவறு. காவல்துறை அதிகாரி வந்து பதிவைக் கேட்கும் நாளில், நாளைக்கு என் மைத்துனர் வருவார் என்று சொல்வது நிபந்தனையை மீறியதாகவே ஆகும்.

தொல்லை பற்றிய பகுதியில், பொதுவாக எழுதாமல் உங்கள் கட்டடத்தைப் பற்றி எழுதுங்கள். அமைதியை மதிப்போம் என்பதற்கு மதிப்பில்லை. பின்கதவு இரவு 9 மணிக்குப் பிறகு மூடியே இருக்கும், காலிப் புட்டிகள் இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை வெளியே கொட்டப்பட மாட்டா, புகை பிடிக்க வெளியே செல்பவர்கள் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள், அவர்கள் கோப்பையை வெளியே எடுத்துச் செல்ல முடியாது, கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் அக்கம்பக்கத்தாருக்குத் தரப்படும் என்று எழுதினால், படிக்கிறவருக்கு அந்த இரவு எப்படி இருக்கும் என்று கண்ணில் தெரியும்.

மது அளவு, விலை பற்றிய கட்டாய நிபந்தனைகளை நீங்கள் எழுத வேண்டியதில்லை. அவை தாமாகவே வரும். ஆனால் பட்டியலை அச்சிடுவதற்கு முன் அவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பியர் அரை பைண்ட் அளவிலும், விஸ்கி, ரம், ஜின், வோட்கா 25 அல்லது 35 மில்லியிலும், ஒயின் கோப்பை 125 மில்லியிலும் கிடைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கேட்பவருக்கு இலவசமாகத் தர வேண்டும். தீர்வையும் வாட் வரியும் சேர்ந்த தொகைக்குக் கீழே விலை வைக்கக் கூடாது.

வரைபடமும் 28 நாட்களும்

விண்ணப்பத்துடன் கட்டடத்தின் வரைபடத்தை இணைக்க வேண்டும். வாசல்கள், வெளியேறும் வழிகள், படிகள், கழிப்பறை, சமையலறை, தீயணைப்புக் கருவிகள், மது விற்கப்படும் இடம் ஆகியவை அதில் தெரிய வேண்டும். நடைபாதையில் மேசை போட எண்ணம் இருந்தால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். டி.பி.எஸ். ஆக இருப்பவரின் சம்மதப் படிவமும் வேண்டும். இணையவழியாக அனுப்பினால், காவல்துறை, தீயணைப்புத் துறை, சுற்றுச்சூழல் சுகாதாரம், வணிகத் தரக் கட்டுப்பாடு, குழந்தைகள் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், உள்துறையின் குடிவரவுப் பிரிவு முதலிய அமைப்புகளுக்குக் கவுன்சிலே அனுப்பிவிடும். காகிதத்தில் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் நீங்களே அதே நாளில் அனுப்ப வேண்டும். இணையவழியையே தேர்ந்தெடுங்கள்.

விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து 28 நாட்கள், வெளிர்நீலத் தாளில், குறைந்தது ஏ4 அளவில், எழுத்து 16 புள்ளிக்குக் குறையாமல், ஓர் அறிவிப்பு கடையின் வெளிப்புறத்திலிருந்து எளிதில் படிக்கும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதோடு, முதல் 10 வேலை நாட்களுக்குள் உள்ளூர் செய்தித்தாள் ஒன்றில் ஒருமுறை விளம்பரம் வர வேண்டும். பார்க்கச் சிறிய வேலைதான். ஆனால் நான் உடன் இருந்த ஒரு விண்ணப்பம் இந்த நீலத் தாளில்தான் தடுக்கி விழுந்தது. ஜனவரி மாதம், சமையலறையில் சோதனைக்காகச் சோறு வடித்த ஆவி முன்கண்ணாடியில் நீராகப் படிந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த நாடா இளகி, தாள் சன்னல் விளிம்பில் மடங்கி விழுந்து கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை. பொங்கல் விருந்து விளம்பரத்தை அந்த இடத்திலேயே ஒட்டியும்விட்டார்கள். பதினேழாவது நாள் கவுன்சிலின் அதிகாரி அந்த வழியாக வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். 28 நாட்கள் முதலிலிருந்து தொடங்கின. வாடகை மட்டும் முதலிலிருந்து தொடங்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து, தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டச் சொல்கிறேன், தினமும் காலையில் கடை திறக்கிறவர் அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். 28 படங்கள் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இந்த நாட்களில் காத்திருந்து மட்டும் இருக்காதீர்கள். காவல்துறையின் உரிமப் பிரிவு அதிகாரியிடமிருந்து மின்னஞ்சல் வரும். ஒன்றிரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்வார். உங்களால் செய்ய முடிந்தவை என்றால் அன்றே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள், முடியாதவை என்றால் ஏன் முடியாது என்று காரணத்துடன் எழுதுங்கள். மாடியிலும் பின்தெருவிலும் குடியிருப்பவர்களின் கதவை நீங்களே தட்டிப் பேசுங்கள். நீலத் தாளைப் பார்த்துப் பயந்த ஒருவர், கடைக்காரரின் முகத்தைப் பார்த்த பிறகு ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எல்லா ஆட்சேபங்களும் திரும்பப் பெறப்பட்டால் விசாரணையே நடக்காது.

விசாரணை நாள்

ஓர் ஆட்சேபமாவது நின்றால், 28 நாட்கள் முடிந்த பின் 20 வேலை நாட்களுக்குள் விசாரணை நடக்கும். நாளும் நேரமும் சொல்லி வரும் கடிதத்துக்கு, வருவீர்களா, உங்களுக்காக யார் பேசுவார், சாட்சி யாராவது உண்டா என்று விசாரணைக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே பதில் அனுப்ப வேண்டும். காட்ட விரும்பும் படம், கடிதம், சத்தம் அளந்த அறிக்கை எல்லாவற்றையும் முன்பே அனுப்பிவிடுங்கள். அன்று கையில் கொண்டுபோய் நீட்டினால், எதிர்த்தரப்பு எல்லோரும் சம்மதித்தால்தான் அவர்கள் அதைப் பார்க்க முடியும்.

நீதிமன்றம் போல் இருக்காது. கவுன்சில் கட்டடத்தின் ஒரு கூட்ட அறைதான். மூன்று கவுன்சிலர்கள், பக்கத்தில் ஒரு சட்ட ஆலோசகர், குறிப்பெடுக்கும் எழுத்தர். எல்லாத் தரப்புக்கும் பேச ஒரே அளவு நேரம் தருவார்கள், அது பத்து நிமிடமாகவும் இருக்கலாம். ஒரு விசாரணையில், மாடி வீட்டில் தனியாக வாழும் ஒரு முதிய பெண்மணி வந்திருந்தார். அவர் மதுவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இதற்கு முன் அங்கே கடை நடத்தியவர் நள்ளிரவில் ஒரு பை நிறையப் புட்டிகளைத் தம் படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே உள்ள தொட்டியில் கொட்டுவார், கண்ணாடி நொறுங்கும் அந்தச் சத்தத்துக்குப் பிறகு இரண்டு மணி வரை தூக்கம் வராது என்றார். கடைக்காரர் தம் நேரம் வந்ததும் கடையின் பெருமையைச் சொல்லத் தொடங்கினார். தலைமை வகித்த கவுன்சிலர் வரைபடத்தை அவர் பக்கம் திருப்பி, தொட்டி எங்கே நிற்கும் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது: தொட்டியைக் கட்டடத்தின் மறுபக்கத்துக்கு மாற்ற நில உரிமையாளரிடம் ஒப்புதல் வாங்கியிருந்தார், கடிதமும் முன்பே அனுப்பியிருந்தார். அந்தப் பெண்மணி தலையசைத்தார். உரிமம் இரவு 11 மணி வரை கிடைத்தது. கடைக்காரர் கேட்டது 12 மணி.

கவுன்சிலர்கள் ஊகத்தின் மேல் முடிவெடுக்கக் கூடாது, ஆதாரத்தின் மேல்தான் எடுக்க வேண்டும் என்பதை 2008இல் டேனியல் த்வெய்ட்ஸ் நிறுவனத்தின் வழக்கில் உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. இது உங்களுக்குச் சாதகமானது. ஆனாலும் அதை ஓர் ஆயுதமாக எடுத்து அக்கம்பக்கத்தாரை நோக்கி வீசாதீர்கள். அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தவர் தம் இரவுகளைப் பற்றிச் சொல்வதும் ஆதாரம்தான்.

ஆட்சேபிப்பவர் நீங்களாக இருந்தால்

நம்மவர்கள் இந்த மேசையின் மறுபக்கத்திலும் அமர்கிறார்கள். 2012 ஏப்ரல் முதல், கடைக்கு அருகில் வசிப்பவர் மட்டுமல்ல, எவரும் கருத்து எழுதலாம். பெயரும் முகவரியும் பொதுவாக விண்ணப்பதாரருக்குத் தெரியவரும். மிரட்டலுக்கு அஞ்ச உண்மையான காரணம் இருந்தால் கவுன்சிலிடம் முன்பே பேசுங்கள்.

கோவில் அருகே மதுக்கடை வருவதை எதிர்த்து எழுதப்பட்ட கடிதங்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். கோவிலின் புனிதம் கெடும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அந்த வேதனையை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன், ஆனால் நான்கு நோக்கங்களோடு இணையாத காரணம் விசாரணையில் நிற்காது. அதே கோவிலைப் பற்றி வேறு விதமாக எழுதலாம். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இந்த மணி முதல் இந்த மணி வரை அந்தக் கடை வாசலைக் கடந்துதான் போகிறார்கள், முன்பு இருந்த பாரின் வாடிக்கையாளர்கள் கோவில் படியில் அமர்ந்து குடித்ததற்கு இந்தத் தேதிகளின் படங்கள் இருக்கின்றன, அன்று காவல்துறைக்குச் சொன்னதற்கான எண் இது என்று எழுதினால், குழந்தைகளின் பாதுகாப்பும் பொதுத் தொல்லையும் கவுன்சிலர்கள் கண்முன் வந்துவிடும். ஒரே கடிதத்தை நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, ஐந்து குடும்பங்கள் தாங்கள் கண்டதை ஐந்து கடிதங்களாக எழுதுவது மேல். உரிமத்தையே மறுக்கக் கேட்பதோடு நிறுத்தாமல், கொடுப்பதானால் என்னென்ன நிபந்தனை வேண்டும் என்றும் எழுதுங்கள்; கவுன்சிலர்கள் பல நேரங்களில் அந்த வரியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

முடிவு வந்த பிறகு

அந்த மூன்று கவுன்சிலர்களின் துணைக்குழு நீங்கள் கேட்டது முழுவதையும் தரலாம், நேரத்தைக் குறைக்கலாம், நிபந்தனை சேர்க்கலாம், டி.பி.எஸ். ஆகச் சொன்னவரை ஏற்க மறுக்கலாம், விண்ணப்பத்தையே தள்ளலாம். எதைச் செய்தாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆட்சேபித்தவருக்கும் அந்த உரிமை உண்டு. அங்கே வழக்கு புதிதாகவே விசாரிக்கப்படும் என்றாலும், கவுன்சில் சொன்ன காரணங்களுக்கு உரிய எடையைக் கொடுக்க வேண்டும் என்று 2011இல் ஹோப் அண்ட் குளோரி மதுவிடுதி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஒரு மணி நேரம் குறைந்ததற்காக வழக்கறிஞருக்குப் பணம் கட்டுவதைக் காட்டிலும், ஓராண்டு புகார் இல்லாமல் நடத்திக் காட்டி, அந்தப் பதிவேட்டுடன் நேரத்தைக் கூட்டக் கேட்பது நம் கடைகளுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. இடையில் ஆங்கிலப் புத்தாண்டு இரவு போன்ற ஓரிரு நாட்களுக்கு மட்டும் நேரம் வேண்டுமானால், 21 பவுண்டு கட்டணத்தில் தற்காலிக நிகழ்வு அறிவிப்பைப் பத்து முழு வேலை நாட்களுக்கு முன்பே கொடுத்தால் போதும். பணியாளர்களையும் சேர்த்து 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

உரிமம் கிடைத்ததும் அதன் சுருக்கத்தைக் கடையில் மாட்டுங்கள், முழு உரிமத்தையும் கடையிலேயே வையுங்கள், நிபந்தனைகளைத் தமிழில் எழுதிப் பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆண்டுக் கட்டணம் தவறினால் உரிமம் நிறுத்தி வைக்கப்படும். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், நான்கு நோக்கங்களில் ஒன்றைச் சுட்டி உரிமத்தை மறுஆய்வு செய்யக் கேட்கலாம். வேலை செய்ய அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்திருந்தது தெரிந்தால், முதல் முறையாக இருந்தாலும் உரிமத்தை ரத்து செய்வதைக் கவுன்சில் தீவிரமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று உள்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. சம்பளப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் ஆவண நகலையும் கோப்பில் வைத்திருங்கள்.

டி.பி.எஸ். ஆக இருந்த மேலாளர் வேலையை விட்டு விலகி, தம் பெயரை எடுக்கச் சொல்லிக் கவுன்சிலுக்கு எழுதிவிட்டால், அந்த நிலை வந்த நொடியிலிருந்து ஒரு கோப்பை மதுவும் விற்க முடியாது. பர்சனல் லைசென்ஸ் உள்ள இன்னொருவர் கடையில் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்; அவர் பெயரில் 23 பவுண்டுக்கான மாற்றப் படிவத்தை, உடனடியாக நடைமுறைக்கு வர வேண்டும் என்ற கட்டத்தில் குறியிட்டு, அன்றே அனுப்பிவிடலாம்.